சந்திரலேகா பரதத்தில் கழற்றியதும் வைத்துக்கொண்டதும்

1952-ல் சந்திரலேகாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. அவர் ஆடிய உருப்படிகளில் ஒன்று 'மதுரா நகரிலோ'. யமுனை, கோபியர், நீர் விளையாட்டு எல்லாத்தையும் கையாலும் கண்ணாலும் காட்டணும். ஆடிக்கிட்டு இருக்கும்போதே வெடித்துக் கிடந்த ராயலசீமா மண் நினைவுக்கு வந்து, அப்படியே உறைஞ்சு போனதா அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பூந்தமல்லிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019 கோடையில் பக்கத்துல இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்ததை நாம பார்த்தோம். அந்த நேரத்துல மேடையில் யமுனை பெருக்கெடுத்தா மனசுக்குள்ள எங்கேயோ உதைக்கும் இல்லையா?

சந்திரலேகா (1928–2006) மகாராஷ்டிராவின் வாடாவில் பிறந்தவர். சென்னையில் காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் முறையாகப் பயின்றவர். அதனால 'தெரியாம மாத்திட்டாங்க'ன்னு அவரைத் தள்ளிவிட முடியாது. சில வருடங்கள் ஆடிவிட்டு மேடையிலிருந்து விலகினார். எழுத்து, போஸ்டர் வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் என்று போனார். 1984-ல் மும்பையில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பில்தான் திரும்ப வந்தார். அடுத்த வருடம் 'அங்கிகா'.

என் தொழில் பாஷையில் சொன்னா, யூஐ-யைக் கழற்றிட்டு கெர்னலை வைத்துக்கொண்டார். போனவை: கோயில் நகை, கனமான ஒப்பனை, புராணக் கதை சொல்லும் அபிநயம். நின்றவை: அரைமண்டி, அடவு, தாளம். அரைமண்டியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. குதிகால்கள் சேர்ந்து, முட்டிகள் இரண்டு பக்கமும் விரிந்து, இடுப்புக்குக் கீழே ஒரு வைரக்கட்டம் உருவாகும். களரிப்பயட்டிலும் உடம்பு இப்படித் தாழ்ந்துதான் பலத்தைத் திரட்டுது. அதனாலதான் களரியையும் யோகாவையும் பரதத்தோடு ஒரே மேடையில் வைக்க அவரால் முடிந்தது. வெளியிலிருந்து ஒட்டவைத்த மாதிரி தெரியல.

1989-ல் வந்த 'லீலாவதி' எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. பாஸ்கராச்சாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய கணித நூலை நடனமாக்கினார். தேனீ, தாமரை, மயில் என்று கணக்குகள் போகும் நூல் அது. தாளத்தையே 3, 4, 5, 7, 9 என்று ஜாதி பிரித்து எண்ணுகிற கலைக்கு, கணக்கு எப்படி அந்நியமாகும்? 2001-ல் 'சரீரா'. ஒரு பெண், ஒரு ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை, மிக மிக மெதுவான அசைவு. அவ்வளவுதான்.

'இதெல்லாம் பரதமா?' என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. நியாயமான கேள்விதான். ஆனா இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கணும்: நாம காப்பாத்த நினைக்கிற 'பழைய வடிவம்' எவ்வளவு பழசு? இன்றைய கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தஞ்சை நால்வர். சதிர் என்று வழங்கியதற்கு பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்ததே 1930-களில். விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடையும் பெரும்பாலும் ருக்மிணி தேவி காலத்து ஏற்பாடு. பின்னால் நின்ற நட்டுவனாரைப் பக்கவாட்டில் உட்கார வைத்ததும் அப்போதான். அதாவது மரபு என்று நாம சொல்றதுலயே பல வெர்ஷன்கள் இருக்கு. ஒவ்வொரு தலைமுறையும் எதையோ கழற்றி, எதையோ வைத்துக்கொண்டுதான் நமக்குக் கொடுத்திருக்கு.

இது அறிஞர்களுக்கு மட்டுமான விவாதம் இல்லைங்க. நம்ம பக்கத்துத் தெருக்களில் பரதம் கத்துக்கிற பிள்ளைகள் ஏராளம். அரங்கேற்றம்னாலே மண்டபம், நகை செட், மேக்கப், வீடியோ என்று செலவுக் கணக்கு நீளுது. அதைச் சமாளிக்க முடியாத வீட்டுப் பிள்ளை பாதியில் நின்னுடுது. அந்தப் பிள்ளையோட அரைமண்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி. சந்திரலேகா கழற்றிய பட்டியலை இந்தப் பக்கமிருந்து படிச்சா வேற மாதிரி தெரியும்.

அடுத்த தடவை அரங்கேற்றப் பத்திரிகை வந்தா அவசியம் போங்க. போனா, நகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி முட்டியைப் பாருங்க. மரபு அங்கேதான் வலியோட நிக்குது.