நின்றால் கண் இருட்டுகிறதா?

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பார்கள். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ஒரு பக்கம். செராமிக் தொழிற்பேட்டையும் சூளைகளும் இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் அங்கே என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி, மெதுவாகக் கேட்டாள்: "நின்னுக்கிட்டே இருந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுக்கா. ரத்தம் கம்மியா இருக்குமோ?"

இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் சோகைதான். பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும். ஆனால் ரத்தம் போதுமான அளவு இருந்தும் கிறுகிறுப்பதுண்டு.

நம் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவையும் இறைத்துவிடுகிறது. ஆனாலும் எல்லா உறுப்புக்கும் ஒரே நேரத்தில் தாராளமாகக் கொடுக்க முடியாது. ஒரே தொட்டியில் இருந்து பல குழாய்களுக்குத் தண்ணீர் விடும் வீடு மாதிரிதான். இங்கே திருகிகள், தமனிகளின் நுனியில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள். அவற்றின் சுவரில் உள்ள தசை இறுகினால் ரத்தம் குறையும், தளர்ந்தால் பாயும். சாப்பிட்டதும் வயிற்றுப் பக்கம் திறக்கும். மாவாட்டினால் கைத் தசைக்குப் போகும். மூளைக்கு மட்டும் எப்போதும் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வெயிலிலும் சூளைப் பக்கத்திலும் என்ன ஆகிறது? சூட்டை வெளியேற்றத் தோலின் குழாய்கள் அகன்று, ரத்தம் அங்கே திரும்புகிறது. அசையாமல் நின்றால் இன்னும் அரை லிட்டருக்கு மேல் கால் சிரைகளில் தேங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்வு நரம்புகள் அழுத்தம் குறைவதைக் கண்டு மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமாகத் துடிக்கும். மற்ற குழாய்கள் இறுகும். வியர்த்து நீர் வற்றியிருந்தால் இந்த ஏற்பாடு போதாது. கண் இருட்டும். கர்ப்பத்திலோ குழாய்கள் இயல்பாகவே தளர்ந்திருக்கும். அதனால் நடு மாதங்களில் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவது வழக்கம்.

கெண்டைக்கால் தசைதான் கீழே தேங்கிய ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புவது. ஆகவே நின்று வேலை செய்பவர்கள் குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்குங்கள். இரண்டு எட்டு நடங்கள். தண்ணீரோ மோரோ தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடியுங்கள். பிரஷர் உள்ளவர்கள் மோரில் உப்பைத் தாராளமாகப் போட வேண்டாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், உட்கார்ந்து பிறகு எழுந்திருங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய சிரையை அழுத்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

நம் ஊரில் ஒருத்தி மயங்கினால் உடனே தூக்கி உட்கார வைத்து, வாயில் சோடாவை ஊற்றுவார்கள். இரண்டுமே கூடாது! படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். கர்ப்பிணியானால் இடப்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். காற்று வரட்டும். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், உதிரப்போக்கு இருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.