பாயிண்ட் டூ டூ: சேலம் ஜில்லாவில் அன்றும் இன்றும்

ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாம் இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருக்கின்றன. 1965 வரை அவை சேலம் ஜில்லா. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிகளைத் தேடி அந்தக் காடுகளில் பல இரவுகள் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் பெண்புலியின் கதை உண்டு. அவர் கையில் இருந்தது பாயிண்ட் 405 வின்செஸ்டர், 1895 மாடல். விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். சுட்டதும் அந்த வளையத்தைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்தது குழலுக்குள் ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டியதில்லை. அன்றைய வேட்டைக்காரர்கள் இதை ‘அண்டர் லீவர்’ என்றார்கள். அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப்போனதும் இதே ரகம்தான்.

நம்மில் பெரும்பாலோருக்கு லீவர் துப்பாக்கி அறிமுகமானது சினிமாக் கொட்டகையில். சேலம் ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று ஜெய்சங்கரைத் துப்பறிய வைத்தது. 1972-ல் இயக்குநர் கர்ணன் ‘கங்கா’ படத்தில் அவரைக் குதிரையில் ஏற்றிக் கௌபாயாக்கினார். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் பக்கத்துக்குப் பக்கம் வின்செஸ்டரால் சுட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் பார்த்தும் படித்தும் வளர்ந்த பையன்களுக்கு இப்போது ஐம்பது வயது. கோழிப்பண்ணை, லாரி, ரிக் வண்டி என்று கையில் நாலு காசு சேர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். “நமக்கு ஒரு பாயிண்ட் டூ டூ லீவர் கிடைக்குமாங்க? சும்மா குறி பார்த்துச் சுட்டுப் பழகத்தான்” என்று கேட்கிறார்கள். பாயிண்ட் டூ டூ என்றால் குழல் அளவு 0.22 அங்குலம் உள்ள சின்ன ரைபிள். கேள்வி நியாயமானது. பதில் சொல்லுமுன் இந்தச் சேலம் சமவெளியில் துப்பாக்கி என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அன்று துப்பாக்கிகளும் ஆள் பார்த்தே இருந்தன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார்களிடமும் ஜில்லா அதிகாரிகளிடமும் சீமை ரைபிள்கள். சமவெளியில் மணியக்காரர் வீட்டிலும் பெரிய பண்ணையத்திலும் தோட்டா போட்டுச் சுடும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். திண்ணைக்கு உள்ளே, வருகிறவன் கண்ணில் முதலில் படும் சுவரில் அது மாட்டியிருக்கும். காட்டுப்பன்றியை விரட்டியதைவிட அது பங்காளிகளை விரட்டியதுதான் அதிகம் என்பது என் எண்ணம். மூன்றாவது, கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் மலைக்காரர்களின் நாட்டுத் துப்பாக்கி.

உண்மையாகச் சுட்டு உழைத்த துப்பாக்கி இந்த மூன்றாவதுதான். கரிமருந்தை அளந்து குழலின் வாய்வழியே கொட்ட வேண்டும். தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். மேலே ஈய ரவையோ, சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டோ. அதற்கு மேலே இன்னொரு நார் அடைப்பு. பிறகு பின்புறக் காம்பில் கேப்பைச் செருகிச் சுத்தியலை இழுத்தால்தான் ஒரு வெடி. மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. இத்தனை பாடுபட்டு ஒரு தடவை சுடுகிறவன் குறி தெரியாமல் விசையை இழுக்க மாட்டான். தினைக்காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் பன்றிக் காவல் அது. வீட்டுக்குக் கறியும் அதுதான். நரிக்குறவர்கள் இதே ரகத் துப்பாக்கியால் காடை, கவுதாரி சுட்டு விற்றார்கள்.

பாயிண்ட் டூ டூ இந்த வரிசையில் செல்லப்பிள்ளை. துரைமார் வீட்டுப் பையன்கள் முயலுக்கும் புறாவுக்கும் பழகிய துப்பாக்கி. சத்தம் குறைவு, தோளில் உதை இல்லை. நம்மவர்கள் அதைக் கையில் எடுத்தது வேறு வழியில். 1948-ல் என்.சி.சி. சட்டம் வந்து, கல்லூரி மாணவன் காக்கி போட்டுக்கொண்டு ஃபயரிங் போகத் தொடங்கினான். தரையில் குப்புறப் படுத்து, இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பால் இருக்கும் பலகையில் ஐந்து தோட்டா. ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தால் ‘குரூப்பிங்’ நன்றாக இருக்கிறது என்பார் ஹவில்தார். சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று துப்பாக்கி சுட்டதாகச் சொல்லும் படித்தவர்களில் பெரும்பாலோர் சுட்டது கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரகப் பாயிண்ட் டூ டூவைத்தான்.

இதெல்லாம் மாறத் தொடங்கியது 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது. வேட்டை குற்றமானது, துப்பாக்கிக்கு இருந்த முதல் வேலை போயிற்று. வாழப்பாடிப் பக்கத்துச் சின்னமநாயக்கன்பாளையத்தில் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஓடவிடும் வழக்கத்துக்கே வனத்துறை அபராதம் போடுகிறது என்றால், முயல் சுட்டவன் கதி என்ன? 1983 சட்டத்திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிதான் என்றது. 1980களின் நடுவில் தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதும் நின்றது. பிறகு வீரப்பன் காலம். மேட்டூர், கொளத்தூர் பக்கத்து மலையோரங்களில் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதிரடிப்படை வந்து கேள்வி கேட்கும் நிலை. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அந்தக் கெடுபிடி முழுக்கத் தளரவில்லை. 2019-ல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் மட்டும் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டது. தேர்தல் அறிவித்தால் பழைய மணியக்காரர் வீட்டு இரட்டைக்குழலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பன்றியைக்கூட இன்று விவசாயி சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். கிழங்கு போனவனுக்கு இது ஆறுதல் இல்லை என்பது தெரியும். ஆனால் ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ காட்டுக்குக் காடு வீடு இருக்கிற இன்றைய நிலையில், இரவில் ஆளுக்கு ஆள் சுடத் தொடங்கினால் விழுவது பன்றியாகத்தான் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஆக, இன்று மிஞ்சியிருப்பது பலகையில் குறி பார்க்கும் இன்பம் மட்டும். அதில் தவறில்லை. கொல்லிமலையில் ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி வைக்கிறோமே, இதுவும் அந்த வகைதான். இதற்கு லீவர் ரகப் பாயிண்ட் டூ டூ பொருத்தமா என்று கேட்டால், பொருத்தம்தான்.

பாயிண்ட் டூ டூ தோட்டா ‘ரிம்ஃபயர்’ ரகம்: தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். இதனால் லீவர் ரகத்துக்கு ஒரு வசதி. இந்தத் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். நடுவில் மருந்து உள்ள பெரிய தோட்டா என்றால், பின்னால் நிற்பதன் கூர்முனை முன்னால் நிற்பதன் மருந்தைக் குத்தி வெடிக்க வைக்கும் அபாயம் உண்டு. 1895 வின்செஸ்டருக்கு அதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் குழாயை விட்டுவிட்டுப் பெட்டி வைத்ததற்கு அதுதான் காரணம். பாயிண்ட் டூ டூவில் அந்தப் பயமே இல்லை. பதினைந்து தோட்டா நிரப்பிக்கொண்டு சாவகாசமாகச் சுடலாம்.

ரகங்களில் மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்தால் போதும். அமெரிக்க மார்லின் 39ஏ: 1891 மாடலின் வாரிசு, ஒரே திருகைக் கழற்றினால் இரண்டு துண்டாகப் பிரிந்து துடைக்கக் கொடுக்கும். ஜப்பானின் மிரோகு ஆலையில் செய்யப்படும் பிரௌனிங் பிஎல்-22: 1969-ல் வந்தது, லீவர் 33 பாகை நகர்ந்தால் போதும், விரல் விசையை விட்டு விலகவே வேண்டாம். அமெரிக்க ஹென்றி கம்பெனியின் முதல் மாடல்: எளியது. என்னைக் கேட்டால் மார்லின்தான். பிரித்துத் துடைக்க முடியாத துப்பாக்கி நம் வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் நீடிக்காது.

ஆனால் கடையில் போய்ப் புதிதாக வாங்க முடியாது. இறக்குமதிக்கு விலக்கு பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான். மற்றவருக்கு லீவர் என்றால், தடைக்கு முன் வந்து இங்கேயே கைமாறிக்கொண்டிருக்கும் பழையதுதான், அதுவும் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மேல்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டா மருந்தின் உப்பு குழலை அரித்துக் குழிக்குழியாக்கியிருக்கும். தோட்டா உட்காரும் வாயில் ஊசி பட்ட வடு இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டா இல்லாமல் சும்மா விசையை இழுத்து விளையாடிய வீட்டில் இருந்ததென்றால் ஊசி நேரே இரும்பில் அடித்து அந்த விளிம்பு நசுங்கியிருக்கும். பிறகு தோட்டா சிக்கும். குழாய்க்குள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, துப்பாக்கியில் வெட்டிய எண்ணும் லைசென்ஸில் எழுதிய எண்ணும் ஒன்றா என்பதும் முக்கியம். எண் ஒரு எழுத்து பிசகினாலும் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு எங்கே சுடுவது? அமெரிக்கக்காரர் பண்ணைக்குப் பின்னால் தகர டப்பாவை வைத்துச் சுடுகிறார். பாயிண்ட் டூ டூ சின்னது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அதன் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். மோகனூர் ரோட்டில் நின்று ஒரு மைல் சுற்றுவட்டத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். கோழி ஷெட், தென்னந்தோப்பு, பள்ளிக்கூட வேன். குண்டைத் தடுக்க மண்மேடு இல்லாத தட்டை நிலத்தில் சொந்தத் தோட்டமே இருந்தாலும் சுடும் இடமாகாது. ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

ரேஞ்சில் லீவர் துப்பாக்கி கொஞ்சம் அநாதை. போட்டியில் சுடும் பாயிண்ட் டூ டூ ஒரு தோட்டா மட்டும் ஏற்கும் போல்ட் ரகம். ஐம்பது மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர், லீவரின் கனத்த விசையால் அதைத் துரத்துவது வீண். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில். கோலாப்பூர் பக்கத்துக்காரர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது பத்து மீட்டர் ஏர் ரைபிள். அதில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. 2022-ல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் குமார் வந்தபோது வெளியே கூடிய கூட்டத்தில் எத்தனை பேர் மறுநாள் கிளப்பில் பெயர் கொடுத்தார்களோ. கோவை, திருச்சி கிளப்புகள் நாமக்கல்லிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம்தான்.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் ஏர் ரைபிள். பாயிண்ட் 177 அளவும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. கவுதாரியையும் கிளியையும் சுடாமல், பத்து மீட்டரில் பின்னால் பலமான தடுப்பு வைத்துப் பலகையைச் சுடுங்கள். அப்புறம் கிளப்பில் சேர்ந்து அவர்களுடைய பாயிண்ட் டூ டூவில் படுத்துச் சுடுங்கள். அதிலும் ஆசை அடங்கவில்லை என்றால், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வாங்கிக்கொண்டு லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். இஷாப்பூர் தொழிற்சாலையின் போல்ட் ரகம் புதிதாகவே கிடைக்கும். லீவர் கடைசிப் படி. கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் குறி ஒன்றும் கெடாது.

கடைசியாக, அட்டத்தில் பழைய துணி சுற்றிய துப்பாக்கி கிடக்கும் வீட்டாருக்கு. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டிருந்தால் அது உங்கள் கையில் இருப்பதே குற்றம். முதலில் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு வாரிசுச் சான்றோடு மனுக் கொடுங்கள். மலையில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கில்லை என்று போலீஸ் அறிவிக்கும் நாளைத் தவறவிட வேண்டாம். லைசென்ஸ்காரர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் 2016 விதிகளில் வழி உண்டு: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் அப்பாருக்கு எழுபது ஆகிவிட்டதென்றால் இந்த மாதமே கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.