கறுப்பு வண்ணம் பூசப்பட்ட தெருக்கள்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் மாளிகைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் தேடுவது எளிது. அங்கே வாழ்ந்து அடையாளமின்றி மறைந்த ஏழை மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஆவணக் காப்பகங்களையே நாடவேண்டும். ஆனால் காப்பகத்திலுள்ள ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நோக்குடன் எழுதி வைத்திருக்கிறார். படங்களுக்கும் இது பொருந்தும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் ஓர் இடம் கிழக்கு லண்டனில், பெத்னல் கிரீனும் ஷோர்டிச்சும் சந்திக்கும் எல்லையில் இருந்தது. அதன் பெயர் ஓல்டு நிக்கல். ஏறக்குறைய ஆறாயிரம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த சேரி அது. அங்கே மரண விகிதம் சுற்றுப்புறத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிருந்தது.

இச்சேரியைப்பற்றிய ஆவணங்களுள் முதலில் நம் கண்ணில் படுவது சார்லஸ் பூத் வெளியிட்ட வறுமை வரைபடம். (இவரை இரட்சணிய சேனையைத் தோற்றுவித்த வில்லியம் பூத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது, மாணவர் பலர் குழம்புகின்றனர்.) சார்லஸ் பூத் லிவர்ப்பூலில் பிறந்த கப்பல் வணிகர். 1886 முதல் 1903 வரை லண்டன் மக்களின் வாழ்வையும் உழைப்பையும் தம் சொந்தச் செலவில் ஆராய்ந்து, 17 தொகுதிகளாக வெளியிட்டார். லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் வாடினர் என்பது அவர் கண்ட முடிவு. வரைபடத்தில் ஒவ்வொரு தெருவும் அதன் நிலைக்கேற்ப வண்ணம் பெற்றது. செல்வர் தெருக்களுக்கு மஞ்சள், ஓரளவு வசதியுள்ளோர் தெருக்களுக்கு இளஞ்சிவப்பு, கொடிய வறுமைக்குக் கருநீலம். தீயொழுக்கமும் குற்றமும் மலிந்தவையென்று கருதப்பட்ட தெருக்களுக்குக் கறுப்பு. நிக்கலின் தெருக்களில் கருநீலமும் கறுப்புமே மிகுதி.

இவ்வண்ணங்களைத் தீர்மானித்தவர் யார்? பூத்தின் முதல் ஆய்வுக்குச் செய்தி தந்தவர்கள் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடுவீடாகச் சென்ற பள்ளி வாரிய அலுவலர்கள். ஆகவே பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களே நேரடியாகக் கணக்கில் வந்தன. தனித்து வாழ்ந்த முதியவரும் பிள்ளையில்லாதவரும் ஊகத்தினாலேயே சேர்க்கப்பட்டனர். மேலும், ஒரு தெருவுக்குக் கறுப்புப் பூசினால் அத்தெருவிலுள்ள அனைவரும் கறுப்பாகிவிடுகின்றனர். பூத்தின் எண்களோ வேறு விதமாகப் பேசுகின்றன. கிழக்கு லண்டனில் அந்தக் கடைசி வகுப்பினர் நூற்றுக்கு ஒன்றேகால் பேர் மட்டுமே என்று அவரே கணக்கிட்டார். ஆயினும் வரைபடத்தைப் பார்த்தவர் மனத்தில் தங்கியது எண்ணன்று, வண்ணமே.

இரண்டாம் சாட்சி நம்மைப்போன்ற ஒரு போதகர். ஆர்தர் ஆஸ்பர்ன் ஜே என்னும் குருவானவர் 1886ஆம் ஆண்டின் இறுதியில் இச்சேரியின் சபைக்கு வந்தார். ஆலயத்தோடு உடற்பயிற்சிக்கூடமும் தங்கும் விடுதியும் அமைத்தார், குத்துச்சண்டை கற்பித்தார். பிறர் தயங்கிய இடத்தில் அவர் துணிந்து ஊழியஞ்செய்தார் என்பதை மறுக்கவியலாது. ஆனால் நன்கொடை வேண்டி அவர் எழுதியவை தம் சபையின் எல்லையை லண்டனிலேயே இருண்ட இடமாகச் சித்திரித்தன. ஆர்தர் மாரிசன் 1896இல் வெளியிட்ட 'எ சைல்ட் ஆப் தி ஜாகோ' என்னும் நாவல் அவர் தந்த விவரங்களால் உருவாகி, அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது. பிறவிக் குற்றவாளிகளைத் தனிக் குடியேற்றங்களில் அடைத்துவைக்க வேண்டுமென்றும் அந்தக் குருவானவர் வாதிட்டார். தம் மந்தையை நேசித்த ஒருவரே அதைப்பற்றி இவ்வாறு எழுத நேர்ந்தது எப்படி? நம் ஊழிய அறிக்கைகளையும் நன்கொடை வேண்டுகோள்களையும் எழுதும்போது இக்கேள்வி என்னைத் தடுத்து நிறுத்துவதுண்டு.

இவ்விரு சாட்சிகளுக்கும் எதிரே மக்கள்தொகைக் கணக்கேட்டை வைத்துப் பார்க்கவேண்டும். 1891ஆம் ஆண்டின் ஏடுகள் நூறாண்டு மூடியிருந்து 1992இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றில் வண்ணங்கள் இல்லை. பெயர், வயது, தொழில், பிறந்த இடம் ஆகியவை உள்ளன. நாற்காலி செய்வோர், மரம் இழைப்போர், தெருவில் கூவி விற்போர் எனத் தொழில்கள் வரிசையாக வருகின்றன. தீப்பெட்டி ஒட்டும் வேலையும் வீடுகளில் நடந்தது. 144 பெட்டிகளுக்கு இரண்டு பென்னிக்குச் சற்று மிகுதியான கூலி. பசையும் நூலும் தொழிலாளியின் செலவு. கறுப்புத் தெருவில் வாழ்ந்தவர் பெரும்பாலோர் இத்தகைய உழைப்பாளிகள். நிக்கலின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த சாரா வைஸ் 2008இல் வெளியிட்ட நூலும் இதையே நிறுவுகிறது. பாழடைந்த வீடுகளின் வாடகையை வாங்கியவர்களுள் அப்பகுதியின் சுகாதாரத்தைக் காக்கவேண்டிய வெஸ்ட்ரி மன்ற உறுப்பினர் சிலரும் இருந்தனரென்று அந்நூல் காட்டுகிறது. அவர்கள் குடியிருந்த தெருக்களுக்கு எவரும் கறுப்புப் பூசவில்லை.

இடிக்கப்படுமுன் எடுக்கப்பட்ட நிழற்படங்கள் சிலவும் உள்ளன. சுவர்கள் இடிக்கத்தக்கவை என்று காட்டுவதற்கு அவை பயன்பட்டன. வாசலில் நின்று கருவியை நோக்கும் மனிதர் தற்செயலாகப் படத்தில் விழுந்தவர்கள். அவர்கள் பெயர் படத்தில் இல்லை.

1889இல் தோன்றிய லண்டன் மாவட்ட மன்றம் சேரி முழுவதையும் இடித்து, பவுண்டரி தெருக் குடியிருப்பை எழுப்பியது. வேல்ஸ் இளவரசர் 1900ஆம் ஆண்டு மார்ச்சில் அதைத் திறந்துவைத்தார். செங்கல்லாலான அழகிய கட்டடங்கள் அவை, இன்றும் நிற்கின்றன. நடுவிலுள்ள வட்டப் பூங்காவின் மேடு, பழைய வீடுகளின் இடிபாடுகளைக் குவித்து அமைத்தது. ஆனால் வெளியேற்றப்பட்ட 5,719 பேரில் புதிய வீடுகளில் குடியேறியவர் 11 பேர் மட்டுமே. வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. கட்டடம் முடியுமட்டும் காத்திருக்க வேறு கூரையும் இல்லை.

பூத்தின் திருத்திய வரைபடம் 1898-99இல் வந்தபோது அந்தப் பழைய கறுப்புத் திட்டு அங்கே இல்லை. வரைபடத்தை மட்டும் காண்பவர் வறுமை ஒழிந்ததென்றே எண்ணுவார். லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் நூலகம் காத்துவரும் பூத்தின் குறிப்பேடுகளையும் படிக்கவேண்டும். 1897 முதல் அவருடைய உதவியாளர்கள் காவலருடன் தெருத்தெருவாக நடந்து எழுதியவை அவை. நிக்கலிலிருந்து வந்தவர்கள் அண்டைத் தெருக்களில் நெருக்கமாகக் குடியேறிய செய்தி அவற்றில் காணப்படுகிறது. சிலர் பெத்னல் கிரீனின் வேறு சந்துகளுக்கும், சிலர் வடக்கே டால்ஸ்டனுக்கும் போயினர். அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானம் அந்தந்தச் சபைகளின் பதிவேடுகளில், புதிய முகவரிகளுடன் எழுதப்பட்டது.