கிளிப் போடுவதற்கு முன்னால்

அண்ணன் மகன் போன வாரம் வந்திருந்தான். 28 வயது. டீயும் உளுந்து வடையும் கொடுத்தேன். வடையை முன்பல்லால் கடிக்காமல், விரலால் பிய்த்துக் கடைவாயில் ஒதுக்கினான். கீழ்த்தாடை முன்னால் வளர்ந்தவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள். 31 வயதில் தாடை ஆபரேஷன் ஆகும்வரை நானும் இப்படித்தான் சாப்பிட்டேன்.

"அத்தை, டாக்டர் முதல்ல ஒன்றரை வருஷம் கிளிப் போடணும்ங்கறார். போட்டுட்டு, ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு மெதுவா யோசிச்சுக்கலாம்ல?"

அப்படி முடியாதுப்பா என்றேன். இந்த வைத்தியத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

தாடை எலும்பு ஒத்துவராமல் வளரும்போது பற்கள் தாமாகவே சரிக்கட்டப் பார்க்கும். கீழ்த்தாடை நீண்டிருந்தால் கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கம் சாயும், மேல் பற்கள் உதட்டுப் பக்கம் சாயும். கிளிப்பை மட்டும் வைத்து ஒப்பேற்றுவதென்றால் மருத்துவர் அந்தச் சாய்வை இன்னும் கொஞ்சம் கூட்டுவார். ஆபரேஷனுக்கான கிளிப் நேர் எதிர்த் திசையில் வேலை செய்யும். சாய்ந்த பற்களை அதனதன் எலும்பின்மேல் நிமிர்த்தும். நிமிர நிமிரக் கீழ்வரிசை இன்னும் முன்னால் வரும், கடி இன்னும் கெடும். எனக்குப் பத்தாவது மாதத்தில் தோசையைக்கூட நேராகக் கடிக்க வரவில்லை. ஒரு கல்யாண வீட்டில் மூன்று பேர், "கிளிப் போட்டும் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஆபரேஷன் வேண்டாமென்று நின்றுவிட்டால் பழைய கடிகூட மிஞ்சாது. நிமிர்ந்த பற்களைத் திரும்பச் சாய்க்க இன்னொரு வருஷம் ஆகலாம்.

ஆகவே முதல் கம்பி ஏறும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும்.

ஆபரேஷன் எப்படி என்று கேட்டான். சாமி விளக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். கீழ்த்தாடையைக் குறுக்கே நறுக்குவதில்லை. பின்பகுதியில் இரு பக்கமும் எலும்பை நெடுக்காக இரண்டு அடுக்காகப் பிளக்கிறார்கள். வெளியடுக்கு காதோர மூட்டோடு நிற்கும், பற்கள் உள்ள உள்ளடுக்கு அதை ஒட்டி, பெட்டிக்குள் தட்டு போல் முன்னும் பின்னும் வழுக்கும். எவ்வளவு நகர்த்தினாலும் எலும்போடு எலும்பு அகலமாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் நன்றாக ஒட்டுகிறது. இதை டிரவுனர், ஓப்வெகேசர் என்ற இருவர் 1957இல் எழுதி வெளியிட்டார்கள். வெட்டு பெரும்பாலும் வாய்க்குள்ளேதான், கன்னத்தில் பெரிய தழும்பு விழாது. மேல்தாடையை வெட்டும் கோடு இன்னும் பழையது. 1901இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்தவர்களின் தலையில் அடித்துப் பார்த்து, முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று பதிவுசெய்தார். அவற்றில் மிகக் கீழே உள்ள கோட்டைத்தான் இன்று கவனமாக அறுத்து நகர்த்துகிறார்கள். எல்லாவற்றையும் டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ வைத்து நிறுத்துவார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் என் மோவாயைக் காட்டினான். டீ ஒரு சொட்டு நின்றிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிளவுக்குள்தான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. முதல் சில வாரங்கள் அநேகமாக எல்லோருக்கும் அங்கே மரத்திருக்கும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே போகும், வயது ஏற ஏற அந்த வாய்ப்பு கூடும். எனக்கு இடப் பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு நின்றுவிட்டது. உதடு அசையும், சிரிப்பில் கோணல் இல்லை. தொட்டால்தான் தெரியாது. இதோடு வாழ முடியுமா என்று உன்னையே கேட்டுக்கொள் என்றேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எடுக்கிற முடிவில் இந்தக் கேள்வி வராது, அதுதான் என் கவலை.

இன்னொன்றும் கேட்டேன்: குறட்டை விடுவாயா? விடுவானாம். கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளினால் நாக்குக்கும் மூச்சுப் பாதைக்கும் இடம் குறையலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அதனால் முன்கூட்டியே தூக்கப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். கீழ்த்தாடையைத் தள்ளுவதற்குப் பதிலாக மேல்தாடையை முன்னால் கொண்டுவரலாமா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தலாமா என்று சர்ஜனிடம் கேட்கவும் வேண்டும்.

மற்றவை கடந்துபோகிற சிரமங்கள். முகவீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். முதலில் கஞ்சி, ஜூஸ், பிறகு குழைந்த சாதம், சுமார் ஆறு வாரம் கடினமாக எதையும் மெல்லக் கூடாது. அதற்கப்புறமும் சில மாதம் கிளிப் இருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்கள் அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடக்கூடும், எழுத்தில் முன்பே கேட்டு வாங்குங்கள். 28 வயது ஒரு தடை இல்லை. தாடை வளர்ச்சி நிற்கட்டும் என்றுதான் இந்த ஆபரேஷனுக்கே காத்திருக்கிறார்கள்.

"பல்லு டாக்டர் ஒருத்தரைத்தானே பார்த்தே?" என்றேன். தலையாட்டினான். கிளிப் போடுகிறவரும் வெட்டுகிறவரும் ஒரே எக்ஸ்ரேயை ஒன்றாக வைத்துப் பேச வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது இதற்கு வசதி.

கிளம்புமுன் போனை எடுத்து, திங்கட்கிழமை கிளிப்புக்கு வாங்கியிருந்த நேரத்தைத் தள்ளிப்போட்டான். முதலில் சர்ஜனைப் பார்க்கப் போகிறான்.