தொடக்கப் பட்டியலுக்குப் பின்னணிப் படம்

லினக்ஸ் கணிப்பொறியை இயக்கியதும், இயக்க முறைமை தொடங்குமுன் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். ஒரே பொறியில் இரு முறைமைகள் இருப்பின், எதனைத் தொடங்குவதென்பது இங்கேதான் தெரிவு செய்யப்படுகிறது. இப்பட்டியலைக் காட்டும் நிரல் ‘கிரப்’ எனப்படும். 1995-இல் எரிக் போலின் என்பவர் இதன் ஆக்கத்தைத் தொடங்கினார்.

பட்டியலின் பின்னே பள்ளியின் பெயரையோ பொறியின் வரிசை எண்ணையோ தாங்கிய படத்தை அமைத்தல், பல பொறிகளுள்ள ஆய்வுக்கூடத்திற்குப் பயனளிக்கும். டெபியன் வகை லினக்ஸில் இதற்குரிய முறை எளிது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இவ்வகையைச் சேர்ந்ததே.

பி.என்.ஜி., ஜே.பி.ஜி. அல்லது டி.ஜி.ஏ. வடிவிலுள்ள படத்தை, ‘பூட்’ கோப்புறையினுள் இருக்கும் ‘கிரப்’ கோப்புறையில் நிர்வாகி உரிமையுடன் இடுதல் வேண்டும். இயக்க முறைமையின் துணையின்றிக் கிரப் தானே படத்தைப் படிக்க வேண்டியிருத்தலின், அதற்கு எட்டும் இடம் இதுவே. பின்னர் ‘அப்டேட்-கிரப்’ என்னும் கட்டளையைப் பிறப்பித்தால், பட்டியல் படத்துடன் புதிதாக எழுதப்படும். வேறு அலங்காரத் தொகுதி முன்பே அமைந்திருப்பின், படம் தோன்றாது.

இரண்டு எச்சரிக்கைகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. ‘கிரப்.சிஎஃப்ஜி’ என்னும் கோப்பை நேரே திருத்தலாகாது. பிழை நேரின் பொறி தொடங்காமற் போகலாம். பிழையின்றித் திருத்தினும், அடுத்த புதுப்பித்தலில் அத்திருத்தம் அழிந்துவிடும். மேலும், ஒளிமிக்க படத்தின்மேல் வெளிறிய எழுத்துகள் புலப்படா. எழுத்துகள் விழுமிடம் இருண்டிருத்தல் நன்று. பட்டியல் பெரும்பாலும் சில விநாடிகளே நிற்கும். அதற்குள் மாணவர் அதனைப் படிக்க இயலாவிடின், அழகிய படமும் இடையூறேயாகும்.