உங்களுக்குத் தெரியுமா? ‘சின்ன இத்தாலி’யும் கொரோனாவும்

இலங்கையில் புத்தளம் மாவட்டத்தின் தென்கரையில் உள்ள வென்னப்புவ, மாரவில பகுதிகளுக்குச் ‘சின்ன இத்தாலி’ என்ற பட்டப்பெயர் உண்டு. மிலான், ரோம், நாப்போலி நகரங்களில் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்பவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை இங்குள்ள மாடிவீடுகள் பல. 2020 மார்ச்சில் கொரோனா இத்தாலியை முடக்கியதும் அந்த வீடுகள் மீதே சந்தேகப் பார்வை விழுந்தது. இத்தாலி, ஈரான், தென்கொரியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கியோர் மட்டக்களப்பு புனானை போன்ற தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு பஸ்களில் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்கு முன்பே வீடு சேர்ந்தவர்களைப் பொலிஸார் தேடிப் பதிவு செய்தனர். நாடெங்கும் ஊரடங்கு வர 2 நாள் இருக்கையில், மார்ச் 18 அன்றே புத்தளம் மாவட்டத்திலும் நீர்கொழும்பை அடுத்த கொச்சிக்கடையிலும் ஊரடங்குச் சட்டம் அமுலானது. ஊருக்குச் சோறு போட்டவர்களே நோய் காவி வந்தவர்களாகப் பழிக்கப்பட்டது பெரும் அநியாயம்.

இத்தாலியிலேயே தங்கியவர்களின் பாடும் இலேசானதல்ல. அந்நாட்டு அரசு மார்ச்சில் அறிவித்த சம்பள உதவியில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. மே மாதத்தில்தான் அவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களுக்கென மாதம் 500 யூரோ உதவித்தொகை வந்தது. முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை.