லேசர் ஒளியும் கட்டடச் சோதனையும்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் விநாயகரைத் தரிசித்து, திருப்பதி வழியே காளத்திக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இன்று அங்குக் காணும் இராஜகோபுரம் புதியதாகும். கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டில் எழுப்பிய பழைய கோபுரம் 2010 மே 26-ஆம் தேதி மாலை இடிந்து வீழ்ந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 135 அடி. விரிசல்கள் முன்னரே கண்ணுக்குப் புலப்பட்டிருந்தமையால் மக்கள் விலக்கி வைக்கப்பட்டனர், உயிர்ச்சேதம் நேரவில்லை. புதிய கோபுரத்துக்கு 2017-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது.

விரிசலைக் கண் காணும். ஆயின், ஒரு கட்டடம் எத்திசையில் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்துள்ளது, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு அச்சாய்வு மிகுந்துள்ளதா என்பவற்றைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது. இவ்வினாக்களுக்கு விடை காண உதவுவது லேசர் வருடல் என்னும் முறையாகும். பழைய கட்டடங்களைக் காப்பதற்கேயன்றி, புதியவற்றை எழுப்பும்போதே பிழைகளைக் கண்டறியவும் இது பயன்படுகிறது.

ஒளியால் அளத்தல்

ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே, 15 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் லேசர் கதிர் பட்டுத் திரும்புவதற்கு ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு காலமே பிடிக்கும். இச்சிறு காலத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். வேறு சில கருவிகள், சென்ற அலைக்கும் மீண்ட அலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றன. சுழலும் கண்ணாடியொன்று கதிரை மேலும் கீழும் செலுத்த, கருவியின் தலை மெல்லச் சுற்றிவரும். இவ்வாறு விநாடிக்குப் பல லட்சம் புள்ளிகளின் இருப்பிடம் பதிவாகிறது. இப்புள்ளிகளின் தொகுதியைப் 'புள்ளி மேகம்' என்பர்.

ஓரிடத்தில் நிற்கும் கருவிக்கு ஒரு பக்கமே தெரியும். ஆகையால் கருவியைப் பல இடங்களில் நிறுத்தி, பொதுவான அடையாளங்களைக் கொண்டு அப்பதிவுகளை இணைக்க வேண்டும். 1802-ஆம் ஆண்டில் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே எஃகுச் சங்கிலி கொண்டு அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். அன்று போலவே இன்றும், ஆதாரப் புள்ளிகள் பிழையாயின் அவற்றைச் சார்ந்த அளவுகள் அனைத்தும் பிழையாகும்.

மாதிரியோடு ஒப்பிடல்

கட்டட வேலை தொடங்குமுன்பே எஞ்சினீயர்கள் கணிப்பொறியில் முப்பரிமாண மாதிரி ஒன்றை அமைக்கின்றனர். ஒவ்வொரு தூணும் உத்திரமும் எங்கே, எவ்வளவில் அமைய வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். கட்டிய பகுதியின் புள்ளி மேகத்தை அம்மாதிரியின்மீது பொருத்தினால், வரம்புக்குட்பட்ட இடங்கள் ஒரு நிறத்திலும், வரம்பு மீறியவை வேறு நிறத்திலும் தோன்றும்.

வரம்பு யாது? இந்தியத் தர நிர்ணய விதி 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தூண், உத்திரம் ஆகியவற்றின் குறுக்களவு 12 மில்லிமீட்டர் மிகலாம். 6 மில்லிமீட்டர் குறையலாம். 300 மில்லிமீட்டர் அகலமாக அமைய வேண்டிய தூண் 294 இருப்பின் ஏற்கத்தக்கது. 290 இருப்பின் தக்கதன்று. தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு கொத்தனார் சில இடங்களையே சோதிக்க இயலும். வருடியோ தன் பார்வைக்கு எட்டும் பரப்பு முழுவதையும் அளக்கிறது.

சோதனை நடைபெறும் காலம் மிக முக்கியமானது. லேசர் கான்கிரீட்டை ஊடுருவிச் செல்லாது. கம்பி கட்டி முடிந்தபின், கான்கிரீட் வார்க்குமுன் வருடினால்தான் கம்பிகளின் இடைவெளியும் இருப்பிடமும் தெரியும். கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் மூடாக்கு குறித்த அளவினும் குறையவே கூடாதென மேற்கண்ட விதி கூறுகிறது. அது குறைந்தால் ஈரமும் காற்றும் எளிதில் உட்புகும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். கான்கிரீட் வெடித்து உதிரும். பலகை அடைத்த நிலையில் ஒரு மணி நேரத்தில் திருத்தக்கூடிய பிழை, கான்கிரீட் இறுகியபின் இடித்துத் திருத்த வேண்டியதாகிவிடும்.

எல்லைகள்

நீர் தேங்கிய தரை, கண்ணாடி, பளபளப்பான உலோகம் ஆகியவற்றில் கதிர் சரிவரத் திரும்புவதில்லை. சாரத்தின் மறைவிலுள்ளவை பதிவாவதில்லை. கான்கிரீட்டின் வலிமையையும் இக்கருவி கூறாது; அதற்குக் கனசதுரத் துண்டுகளை வார்த்து அழுத்திச் சோதிக்கும் முறையே வேண்டும். எவ்வளவு பிழை என்பதை வருடி காட்டும். ஏன் நேர்ந்தது என்பதை ஆராய்ந்து முடிவு செய்வது எஞ்சினீயரின் கடமை.

நம் நாட்டில் இம்முறை பரவி வருகிறது. குஜராத்தில் பாட்டனிலுள்ள இராணி படிக்கிணறு 2011-ஆம் ஆண்டில் லேசரால் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் லேசர் பொருத்திய ஊர்திகள் ஓடிச் சாலையின் விரிசலையும் குழியையும் அளக்கின்றன.

சாய்வு வளர்கிறதா என்பதை அறிய இரண்டு அளவுகள் வேண்டும். அவற்றுள் முதலாவதை, கட்டடம் நலமாக நிற்கும்போதே எடுத்து வைத்தல் வேண்டும். விரிசல் தோன்றியபின் எடுக்கும் முதல் அளவு, அதுவரை நிகழ்ந்த மாற்றத்தைக் காட்டாது. நூற்றாண்டுகள் கடந்து இன்றும் உறுதியாக நிற்கும் கோபுரங்கள் பல நம்மிடையே உள்ளன. அவற்றை அளந்து வைப்பதற்கு ஏற்ற காலம் இதுவே.